வாரம் 100 ரூபாயில் அடைமழைக்குத் தயாராவது: மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலையாளத்தில் ‘அவதி’ என்றால் விடுமுறை. தேனியிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வேலைக்கு வந்து இடுக்கி மலையில் லயத்தில், அதாவது தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீட்டில், குடியேறிய குடும்பத்துக்கு முதல் மழைக்காலத்தில் இந்தச் சொல் திகைப்பைத்தான் தரும். ‘நாளெ ஜில்லயில் அவதி’ என்று பக்கத்து வீட்டு டிவியில் கேட்டுவிட்டு, என்ன அவதியோ என்று கலங்கி என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. பள்ளிக்கூடங்களுக்குக் கலெக்டர் விடுமுறை விட்டிருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று முதலில் சொல்வேன். பிறகு உட்காரவைத்து, அவர் எதற்காக விடுமுறை விட்டார் என்பதையும் சொல்வேன். மறுநாள் மழை பலக்கும், மண் சரியலாம், பிள்ளைகள் சாலையில் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தகவல் வந்திருக்கிறது. அந்த அறிவிப்பு வந்த பிறகு அரிசி வாங்க ஓடுவதில் பயனில்லை. அதற்குள் கடையில் மெழுகுவத்தி தீர்ந்திருக்கும், ரேஷன் கடை இயந்திரத்துக்கு நெட்வொர்க் இருக்காது.

ஆகவே வேலையை மாசியில் தொடங்குங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். இங்குள்ளவர்கள் அதை இடவப்பாதி என்பார்கள். மாசி பிறந்ததும் தொடங்கினால் அதற்குள் 15 சம்பள வாரங்கள் கிடைக்கின்றன. வாரம் 100 ரூபாய் ஒதுக்கினால் 1,500 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்தத் தொகையில் பத்து நாள் கையிருப்பும் ஓர் அவசரப் பையும் தயாராகிவிடும். விலை ஏறி இறங்குவதால் ஒரு வாரம் முன்பின் ஆகலாம். மாசி தவறிவிட்டதா? சித்திரையில் தொடங்குங்கள். அப்போது கீழே நான் சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

பொதுவாகப் பேரிடர் அறிவுரைகளில் மூன்று நாளுக்குச் சேர்த்து வையுங்கள் என்பார்கள். மலைக்கு அது போதாது. மூணாறிலிருந்து வெளியேற முக்கியமான வழிகள் மூன்றுதான்: அடிமாலி, நேரியமங்கலம் வழியாகக் கொச்சிப் பக்கம்; பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தேனிப் பக்கம்; மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப் பக்கம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலைகள் சரிந்து மூணாறு தனித்தீவாக நின்றது. உடுமலைச் சாலையில் இருந்த பெரியவாரைப் பாலம் இடிந்தது. அதற்கு முன்பு 1924இல், கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று பேசப்படும் வெள்ளம், இந்த மலைமேல் ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போயிற்று. டவுனுக்கே இந்த நிலை என்றால், அங்கிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் உள்ளே இருக்கும் லயத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அடைபடுவது வேறு, இறங்குவது வேறு

பொருள் வாங்கும் முன் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வகையான ஆபத்து வரும். ஒன்று, அடைபடுவது. சாலை போய்விடும், மின்சாரம் போய்விடும், ஆனால் வீடு பத்திரமாக இருக்கும். அரிசி, விறகு, தண்ணீர் எல்லாம் அப்போது தேவை. மற்றொன்று, இறங்குவது. மேலே இருக்கும் மலையே நம்பத்தகாததாக ஆகிவிடும். அப்போது வீட்டில் எவ்வளவு சேர்த்து வைத்திருந்தாலும் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறு அருகே ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். அவர்களில் பலர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் தேயிலை பறித்த குடும்பங்கள். மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியிலும் இருட்டில்தான் மலை இறங்கியது. இப்படிப்பட்ட இரவில் டின் நிறைய இருக்கும் அரிசியால் யாருக்கும் உதவி இல்லை. அந்த அரிசியை விட்டு வர மனமில்லாமல் தங்கிவிடுவது இன்னும் கொடுமை. அதனால்தான் சமையலறைக்கு முன்பாகப் பையைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நான்கு வாரக் காசு முழுவதும் பைக்குத்தான்.

முதல் நான்கு வாரம்: கதவோரப் பை

புதுப் பை வாங்க வேண்டாம். பிள்ளைகளின் பழைய பள்ளிப் பை போதும், ஜிப் வேலை செய்தால் சரி. அதற்குள் முதலில் போக வேண்டியது காகிதங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், எஸ்டேட் அடையாள அட்டை, பிஎஃப் காகிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மடித்து, அதை இன்னொரு கவரில் தலைகீழாகச் செருகுங்கள். உள் கவரின் வாய் வெளிக் கவரின் அடியில் இருந்தால் தண்ணீர் ஏறாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். காகிதம் போனவர்கள் பிறகு நிவாரணத்துக்காகவும் நகல் கார்டுக்காகவும் அலையும் அலைச்சலைப் பார்த்தவள் நான். இந்த ஒரு வேலைக்குச் செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

அடுத்தது டார்ச். நல்ல எல்இடி டார்ச் ஒன்று 150 ரூபாய்க்குள் கிடைக்கும். பேட்டரி செல் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் செய்யும் டார்ச் ஒரு வாரம் கரண்ட் இல்லாவிட்டால் வெறும் குழாய்தான். செல்லை டார்ச்சுக்குள் போட்டு வைத்தால் ஈரத்தில் பூத்துவிடும். தனியாகச் சுற்றி, அதே பையில் வையுங்கள். பிறகு விசில், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. திருவிழாக் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் விசில் போதும். மண்ணுக்கு அடியிலோ இருட்டிலோ மாட்டிக்கொண்டவர் கத்தினால் சிறிது நேரத்தில் குரல் போய்விடும், விசில் போகாது. மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

இவற்றோடு ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டு, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் ஒரு பொட்டலம், ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு போர்வை, பெண்களுக்கு மாதவிலக்குத் துணி அல்லது நாப்கின், போன் சார்ஜர். 500 ரூபாயை 10, 20, 50 தாள்களாக மாற்றிக் காகிதக் கவருக்குள் வையுங்கள். இது அந்த 1,500க்குள் வராது. செலவழிக்காமல் அப்படியே கிடக்க வேண்டிய பணம். டவர் போனால் போன் வழியே பணம் அனுப்ப முடியாது, ஏடிஎம் திறக்காது, 500 ரூபாய்த் தாளுக்கு யாரிடமும் சில்லறை இருக்காது. கடைசியாக ஒரு நோட்டுத் தாளில் எண்களைப் பேனாவால் எழுதுங்கள்: அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108, மின்சாரத்துக்கு 1912, வார்டு மெம்பர், வில்லேஜ் ஆபீஸ், இரண்டு ஜீப் டிரைவர்கள், ஊரில் ஒரு சொந்தக்காரர். போன் அணைந்தால் அதிலுள்ள எண்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் வருடம் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தோம். பின்சுவரிலிருந்து கசிந்த தண்ணீர் இரவோடு இரவாக வீட்டுக்குள் வந்து, காலையில் பையைத் தூக்கினால் ரேஷன் கார்டு கூழாகக் கையோடு வந்தது.

ஐந்தாவது வாரத்திலிருந்து: அரிசியும் அவலும்

நான்கு பேருக்குப் பத்து நாள் என்பது என் கணக்கில் அரிசி 12 கிலோ, பருப்பு 2 கிலோ, அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வேர்க்கடலை 1 கிலோ, வெல்லம் 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு 1 கிலோ, புளி அரைக் கிலோ, மிளகாய்த் தூள், மஞ்சள். தேயிலைத் தூள் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும்.

அரிசிக்குக் காசு செலவழிக்காதீர்கள். கேரளத்தில் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் மஞ்சள் கார்டு, பிங்க் கார்டுக்காரர்களுக்கு ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. மாதம் 3 கிலோ ஒதுக்கினால் நான்கு மாதத்தில் 12 கிலோ சேர்ந்துவிடும். தமிழ்நாட்டு முன்னுரிமைக் கார்டு வைத்திருப்பவர்கள் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்கேயே அரிசி வாங்கலாம். ஆதார் இணைந்திருக்க வேண்டும். மழைக்கு முன்பே ஒருமுறை கைரேகை வைத்து வாங்கிப் பாருங்கள். தேயிலை கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள் இயந்திரத்தில் பதியாமல் திரும்பிய அக்காமார்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தகராறைப் பங்குனியில் தீர்த்துக்கொண்டால் ஆடியில் நிம்மதி. மழை மாதங்களில் ரேஷனை மாதத்தின் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பருப்பு, எண்ணெய், மிளகாய் போன்றவற்றை கேரள அரசின் சப்ளைகோ நடத்தும் மாவேலி ஸ்டோரில் மானிய விலையில் பாருங்கள். எல்லாச் சரக்கும் எல்லா நாளும் இருக்காது என்பதால், இருக்கும் நாளில் ஒரு கிலோ கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது.

அவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து நாளில் குறைந்தது இரண்டு நாளாவது அடுப்பு மூட்ட முடியாமல் போகும். அன்றைக்கு அவல்தான் சோறு. கைப்பிடி அவலை நனைத்து, வெல்லம் சீவிப் போட்டு, தேங்காய் இருந்தால் துருவி, பொட்டுக்கடலையை மேலே தூவினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். கேரளத்து வீடுகளில் மழைக்கென்று மரவள்ளியை அவித்துக் காயவைத்து ‘வாட்டுக்கப்பை’யாக எடுத்துவைப்பார்கள். நம் ஆடியோடு பெரும்பாலும் சேர்ந்து வருவது அவர்களுடைய கர்க்கடகம். வேலையும் விளைச்சலும் இல்லாத பஞ்ச மாதம் என்று அவர்களே அதைச் சொல்வார்கள். அந்த மாதத்தைக் கடத்தத் தலைமுறைகளாகக் கண்டுபிடித்த வழி அது. மாசி, பங்குனி வெயிலில் கப்பைக் கிழங்கு மலிவாக வரும்போது ஐந்து கிலோ வாங்கித் தோலுரித்து, துண்டு போட்டு, அரை வேக்காட்டில் எடுத்துத் தார்ப்பாயில் காயவையுங்கள். ஒடித்தால் ‘படக்’ என்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. இரவு ஊறவைத்து மறுநாள் வேகவைத்தால், கருவாட்டோ காந்தாரி மிளகாய்ச் சட்டினியோ தொட்டுக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிடலாம்.

மலையில் பொருள் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். தகர டின்னில் அரிசியைக் கொட்டும் முன் டின்னை வெயிலில் ஒரு நாள் கவிழ்த்துவையுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் போட்டால் வண்டு அண்டாது. வேப்பமரம் இந்த உயரத்தில் வளராது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கு அது. டின்னைத் தரையில் வைக்காமல், இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். உப்பும் வெல்லமும் பிளாஸ்டிக் ஜாடியில் இருக்கட்டும். தீப்பெட்டியைத் திருகு மூடி பாட்டிலுக்குள் போட்டு, அடியில் ஒரு பிடி வறுத்த அரிசியைப் போடுங்கள். வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குச்சி கிழித்தவுடன் பற்றும்.

தண்ணீர்

இவ்வளவு மழையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். ஓடையிலிருந்து வரும் ஓஸ் குழாயைத்தான் மழை முதலில் பிடுங்கி எறியும். அப்படியே தண்ணீர் வந்தாலும் செம்மண் கரைசலாக வரும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டும் ஒரு குடமும். வானிலைத் துறையின் மஞ்சள் அலர்ட் (மழை எச்சரிக்கை) வந்தாலே நிரப்பிவிடுங்கள். மூன்று நாளுக்குள் ஓஸ் சரியாகாவிட்டால் கூரைத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிட மழை கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகட்டும், அதற்குப் பிறகு பாத்திரம் வையுங்கள்.

இங்கே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டேட்டில் மருந்தடித்துவிட்டுப் போடும் காலிக் கேன்கள் நன்றாக, கெட்டியாக, இலவசமாகக் கிடைக்கும். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும், கழுவினால் போகாது. சமையல் எண்ணெய் வந்த கேனை ஹோட்டலில் கேட்டு வாங்கி, வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

கலங்கிய தண்ணீரை இரவு முழுவதும் தெளியவிட்டு, நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி, கொதிக்கவைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும், விறகு மிச்சம். நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை கிடைக்கும். பானையின் உட்புறத்தில் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் கலங்கல் அடியில் படியும். கிருமி அதனால் சாகாது என்பதால் அதன் பிறகும் கொதிக்கவைத்தே தீர வேண்டும். விறகு இல்லாத நாளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ குளோரின் மாத்திரை கேட்டு வாங்கி, அட்டையில் எழுதியிருக்கும் அளவுப்படி போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அடுப்பு

தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டி முடித்த மலையில் மிலாறு, அதாவது வெட்டி விழுந்த குச்சிகள், பொறுக்க அனுமதி கிடைக்கும்போது, தலைச்சுமையாக இரண்டு நடை கூடுதலாகக் கொண்டுவந்து கூரைக்கு அடியில் அடுக்குங்கள். பத்து நாளுக்கு இடுப்பளவு அடுக்கு போதும். கேஸ் இருந்தால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வழியைக் கேரளத்தில்தான் கற்றேன். இங்கே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு ‘சூடாறாப்பெட்டி’ என்ற ஒன்றை ஊர் ஊராகப் பரப்பியது. கடையில் வாங்க வேண்டியதில்லை. ஓர் அட்டைப்பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் பழைய துணி, தெர்மோகோல், வைக்கோல் எது கிடைக்கிறதோ அதை நான்கு விரல்கடை கனத்துக்கு அடைத்துக்கொள்ளுங்கள். அரிசியைத் தேவையான தண்ணீரோடு ஏற்றி, நன்றாகக் கொதித்து ஐந்தாறு நிமிடம் ஆனதும் மூடியோடு இறக்கிப் பெட்டிக்குள் வைத்து, மேலே கம்பளியைப் போட்டு அமுக்கி மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. சோறு தானாக வெந்திருக்கும். ரேஷன் புழுங்கலரிசி கொஞ்சம் முரடு. அதற்கு முன்கூட்டியே ஊறவைத்தால் சரியாக வரும். கோடையிலேயே இரண்டு முறை சமைத்துப் பார்த்துக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

குளிருக்காகக் கரி அடுப்பையோ தணலையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எரிச்சலும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மருந்து

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி 15 நாள் மாத்திரையைக் கூடுதலாக எழுதி வாங்குங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம்; பிரிக்காத குப்பிக்குத்தான் பிரிட்ஜ் தேவை. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை மருந்தாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓஆர்எஸ் ஐந்து பொட்டலம் வையுங்கள். அது தீர்ந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். உப்பு ஒரு சிட்டிகைகூட அதிகமாகக் கூடாது. வெள்ளத்திலும் சேற்றிலும் இறங்கி வேலை செய்தவர்கள் எலிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் கடை மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள்.

கர்ப்பிணி வீட்டில் இருந்து, பிரசவ தேதி ஆடி, ஆவணியில் வந்தால், இரண்டு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலோ ஊரிலோ கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அரிசி குறைந்தால் கடன் வாங்கிக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

மழையை அளப்பது

ரேடியோவும் போனும் சொல்வது மாவட்டம் முழுவதற்குமான கணிப்பு. நம் லயத்தின் மேல் எவ்வளவு பெய்தது என்பதை நாமே அளக்கலாம். பக்கங்கள் நேராக இருக்கும் பால்பவுடர் டின் ஒன்றை மரத்தடியோ கூரை விளிம்போ இல்லாத வெட்டவெளியில், விழாதபடி இரண்டு கல்லுக்கு நடுவில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பிள்ளையின் ஸ்கேலை விட்டுப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். ஸ்கேலில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் வெற்று மரத்தை வெட்டிவிட வேண்டும்.

| 24 மணி நேரத்தில் டின்னில் தேங்கியது | வானிலைத் துறையின் கணக்கில் |
|---|---|
| 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை | மஞ்சள் அலர்ட் அளவு மழை |
| 11.5 செ.மீ. முதல் 20.4 செ.மீ. வரை | ஆரஞ்சு அலர்ட் அளவு |
| 20.4 செ.மீ.க்கு மேல் | ரெட் அலர்ட் அளவு |

ஒரே நாளில் கொட்டுவதைவிட, இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து மண் ஊறிய பிறகு கொட்டுவதுதான் பயங்கரம். ஆகவே ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காமல் மூன்று நாள் எண்ணைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் லயத்தில் இந்த நோட்டை எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வைத்திருக்கிறாள். அவள் கூட்டிச் சொல்லும் எண்ணைக் கேட்டு ஒரு முறை பெரியவர்கள் எல்லோரும் எழுந்து கிளம்பினோம்.

மலை கொடுக்கும் அடையாளங்களும் உண்டு. தரையிலோ சுவரிலோ புதிய விரிசல், நேற்று வரை சாத்திய கதவு இன்று சாத்த முடியாமல் போவது, மரமோ கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாக மாறுவது, மலைக்குள்ளிருந்து உறுமல் போன்ற சத்தம். எல்லாவற்றிலும் மோசமானது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை திடீரென்று வற்றுவது. மேலே எங்கோ மண்ணும் மரமும் அடைத்துத் தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அது உடைந்தால் ஓடைக்கரையில் எதுவும் மிஞ்சாது. இவற்றில் எதைக் கண்டாலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஓடை வழியே கீழே இறங்காமல், அதன் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போங்கள்.

அறிவிப்புகள் மலையாளத்தில் வரும். ‘உருள்பொட்டல்’ என்றால் மலை உடைந்து மண்ணும் பாறையும் தண்ணீரும் சேர்ந்து பாய்வது. ‘மண்ணிடிச்சில்’ என்பது மண்சரிவு, ‘வெள்ளப்பொக்கம்’ என்பது வெள்ளம். ‘மாறித்தாமசிக்கணம்’ என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொன்னால் வீட்டைக் காலி செய்து வேறிடத்தில் தங்க வேண்டும் என்று பொருள். ‘துரிதாசுவாச கேம்ப்’ என்பது நிவாரண முகாம், பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் இருக்கும். இந்த ஐந்தையும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். சிறிய ரேடியோ ஒன்று லயத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும்; தேவிகுளத்திலேயே ஆகாசவாணி நிலையம் இருக்கிறது. போனில் சார்ஜைக் காக்க ஏரோப்ளேன் மோடில் போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். பேச்சு போகாத சிக்னலிலும் குறுஞ்செய்தி பல நேரம் போய்விடும்.

சேர்ந்து வாங்குவது

சில பொருள்களைத் தனித்தனியாக வாங்குவது வீண். நல்ல கயிறு 30 மீட்டர், பெரிய தார்ப்பாய், மண்வெட்டி, கடப்பாரை, முதலுதவிப் பெட்டி, நோயாளியைத் தூக்க இரண்டு மூங்கில் கழியில் சாக்கைக் கோத்த தூக்கு ஆகியவை லயத்துக்கு ஒன்று போதும். பத்து வீடு வாரம் 20 ரூபாய் போட்டால் பத்து வாரத்தில் 2,000 ரூபாய். புதிதாக வந்த பெண்கள் குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுவில், சேருங்கள். வாரச் சேமிப்பு அங்கே ஏற்கெனவே நடக்கிறது. சேர்ந்துவிட்டால், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆவணியில் மழை விட்டதும் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாதீர்கள். ஐப்பசி வாக்கில் துலாவர்ஷம், நம் வடகிழக்குப் பருவமழை, இருக்கிறது. 2021 அக்டோபர் 16 அன்று இடுக்கி, கோட்டயம் எல்லையிலுள்ள கொக்கையாறிலும் கூட்டிக்கலிலும் மலை சரிந்தது அந்தப் பருவ வாசலில்தான். பழைய அரிசியைச் சமையலுக்கு எடுத்து, புதிய ரேஷனை டின்னில் போடுங்கள். வேர்க்கடலை காறிவிட்டதா என்று ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். டார்ச் செல், மாத்திரைத் தேதி, பிள்ளைகளின் மாற்றுத் துணி அளவு மூன்றையும் அன்றே சரிபார்த்துவிடலாம்.

கடைசி வேலைக்குக் காசு வேண்டாம். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் உள்ள எல்லோரும் போக வேண்டிய மேட்டிடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நடந்து பாருங்கள். பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு டார்ச்சோடு ஒரு முறை. எங்கள் வீட்டிலிருந்து பகலில் 11 நிமிடம் ஆயிற்று, இரவில் 19. அத்தையின் ரப்பர் செருப்பு ஈரப்படியில் இரண்டு இடத்தில் வழுக்கியது. அதற்கடுத்த வாரத்து 100 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்து, அவருக்குப் பிடிப்புள்ள கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கி, பைக்குக் கீழே கதவோரமாக வைத்தோம்.